மழைக்காலத்தில் வேலி போடலாமா, மரத்தளம் அமைக்கலாமா?

"அண்ணாச்சி, மழை முடியட்டும். தை பொறந்ததும் பாத்துக்கிடுவோம்."

ஐப்பசியில் வேலி வேலைக்குக் கொத்தனாரைக் கூப்பிட்டால் திருநெல்வேலிப் பக்கம் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். யூடியூபில் அமெரிக்காக்காரர் வீட்டுக் கொல்லையில் மரத்தளம் அடிப்பதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் வேறொன்று சொல்வார்கள்: "குளிர்காலத்துல கான்கிரீட் இறுகாதாம், நாலடி ஆழம் தோண்டணுமாம்." இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. கொத்தனார் சொன்னது மரத்துக்குச் சரி, கான்கிரீட்டுக்குச் சரியில்லை. காணொளியில் சொன்னது பனி பெய்யும் ஊருக்குச் சரி, மேலப்பாளையத்துக்குப் பொருந்தாது.

வேலியோ மரத்தளமோ, வேலை மூன்று பொருளோடுதான்: மரம், கான்கிரீட், மண். மூன்றுக்கும் தண்ணீரோடு உள்ள உறவு வேறு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் மொத்தமாக "மழையில் ஆகாது" என்று சொல்வதால்தான் நல்ல மாதங்கள் வீணாகின்றன, மோசமான மாதத்தில் அவசர அவசரமாக வேலை நடக்கிறது.

மரத்தளம் என்று நான் சொல்வது, தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்திக் கால் நட்டு, சட்டம் போட்டு, மேலே பலகைகளை இடைவெளி விட்டு அடித்த திறந்தவெளித் தளத்தை. டெக் என்று கேட்டாலும் கடையில் புரிந்துகொள்வார்கள். தோட்ட வீடுகளிலும் மொட்டைமாடிகளிலும் இதை இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள்.

## அவர்கள் குளிர்காலம் வேறு, நம் குளிர்காலம் வேறு

குளிர் நாடுகளில் பயம் உறைபனியைப் பற்றியது. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் பருக்கிறது. மண்ணுக்குள் இருக்கும் ஈரம் உறைந்து பருத்தால், நட்ட காலை மேலே தள்ளும். வசந்தத்தில் பனி உருகும்போது கால் பழைய இடத்துக்கு ஒழுங்காக இறங்காது. நாலு குளிர்காலம் போனால் தளம் கோணிவிடும். அதனால் மண் எந்த ஆழம் வரை உறையுமோ அதற்கும் கீழே அடித்தளத்தை இறக்குவார்கள். அந்த ஆழத்தை உறைமட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் விதிப்படி அது இடத்தைப் பொறுத்து மூன்றரை அடி முதல் ஐந்தடி வரை. காணொளியில் வருகிற "நாலடி" அங்கிருந்து வந்ததுதான்.

பாளையங்கோட்டையில் மார்கழி இரவில்கூட வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். மண் உறையும் பேச்சுக்கே இடமில்லை. கான்கிரீட் 10 டிகிரிக்குக் கீழேதான் சோம்பேறியாகும், அந்தக் கவலையும் சமவெளியில் கிடையாது.

வானிலைத் துறைக் கணக்கில் குளிர்காலம் ஜனவரியும் பிப்ரவரியும். அதற்கு முந்தைய அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நெல்லைச் சமவெளிக்கு ஆண்டு மழையின் பெரும்பங்கு அப்போதுதான். தென்காசி, குற்றாலம், பாபநாசம் பக்கம் மட்டும் ஜூனிலிருந்தே தென்மேற்குச் சாரலும் உண்டு. ஆக இங்கே கேள்வி குளிரைப் பற்றியது இல்லை, ஈரத்தைப் பற்றியது.

## மரம்: நனையாமலே ஈரமாகும்

கார்த்திகையில் முறுக்கு டப்பாவை மூடாமல் வைத்துப் பாருங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் படாது, ஆனால் மறுநாள் நமத்துப் போயிருக்கும். சித்திரையில் அதே முறுக்கு இரண்டு நாள் மொறுமொறுவென்று கிடக்கும். காற்றில் ஈரம் அதிகமானால் முறுக்கு அதை வாங்கிக்கொள்கிறது, காற்று வறண்டால் திருப்பிக் கொடுக்கிறது. மரமும் இதைத்தான் செய்கிறது. ஒரே வித்தியாசம், மரம் ஈரத்தை வாங்கினால் பருக்கும், கொடுத்தால் சுருங்கும். ஐப்பசியில் கதவு நிலையோடு இறுகுவதும், பங்குனியில் அதே கதவு லேசாகச் சாத்துவதும் இதனால்தான். கதவைக் குற்றம் சொல்லி இழைப்புளி போடுகிறவர்கள் கோடையில் இடுக்கு வழியே தெருவைப் பார்க்கலாம்.

மரத்துக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை ஈரச்சதவீதம் என்கிறோம். முழுக்கக் காய்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டு, அதில் தண்ணீரின் எடை எவ்வளவு என்ற கணக்கு. 10 கிலோ உலர்ந்த மரத்தில் 2 கிலோ தண்ணீர் இருந்தால் 20 சதவீதம்.

மரம் மிக நுண்ணிய குழாய்களால் ஆனது. பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்கும்: குழாயின் வெற்றிடத்துக்குள்ளும், குழாயின் சுவருக்குள்ளும். வெட்டிப் போட்டதும் முதலில் வெற்றிடத் தண்ணீர்தான் போகும். எடை குறையும், அளவு மாறாது. ஈரம் 30 சதவீதத்தை நெருங்கும்போது வெற்றிடம் காலியாகிவிடும், சுவர் மட்டும் ஊறியிருக்கும். அதற்கும் கீழே போகும்போதுதான் சுவரே மெலிய ஆரம்பிக்கிறது, பலகை சுருங்குகிறது. "ஒரு மாசம் கிடந்தது, ஒண்ணும் சுருங்கல, காய்ஞ்சிட்டு" என்று சொல்கிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில். சுருங்கவில்லை என்றால் காயவே இல்லை என்றும் அர்த்தம் இருக்கலாம்.

சரி, எதுவரை காயும்? சுற்றியுள்ள காற்று எவ்வளவு விடுகிறதோ அதுவரை. காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாக நின்றால் மரம் சுமார் 16 சதவீதத்தில் நிற்கும். காற்று 50 சதவீதம் என்றால் மரம் 9 சதவீதம் வரை இறங்கும். மரமும் காற்றும் ஒத்துப்போகும் இந்த நிலைக்குச் சமநிலை ஈரம் என்று பெயர். இது ஆண்டு முழுக்க ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். எத்தனை வயதான மரமாக இருந்தாலும், எவ்வளவு நன்றாகப் பதப்படுத்தியிருந்தாலும் இந்த ஏற்ற இறக்கம் நிற்காது. "வைரம் பாய்ஞ்ச தேக்கு, அசையவே அசையாது" என்பது வியாபாரப் பேச்சு. தேக்கு குறைவாக அசையும், அவ்வளவுதான்.

எவ்வளவு குறைவு? பச்சைத் தேக்கு முழுக்கக் காயும்போது, ஆண்டு வளையத்தின் போக்கில் ஏறத்தாழ 6 சதவீதம் சுருங்குகிறது. வளையங்களுக்குக் குறுக்கே, அதாவது நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில், சுமார் 2.5 சதவீதம். நீளவாக்கில் கண்டுகொள்ளத் தேவையில்லாத அளவு. இரண்டு திசையிலும் ஒரே மாதிரி சுருங்காததால்தான் பலகை கிண்ணம்போலக் குழிகிறது, சட்டம் முறுக்கிக்கொள்கிறது.

இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். 15 சென்டிமீட்டர் அகலமுள்ள தேக்குப் பலகையைக் கார்த்திகையில் 16 சதவீத ஈரத்தோடு அடிக்கிறீர்கள். கோடையில் அது 9 சதவீதத்துக்கு வருகிறது. அகலத்தில் சுமார் 2 மில்லிமீட்டர் குறையும். பத்தடி அகலத் தளத்துக்கு அப்படி இருபது பலகை தேவை, மொத்தம் 4 சென்டிமீட்டர். இது மழைக்காலத்தில் அடித்தால் வருகிற கணக்கு. கோடையில் அடித்தால் அப்படியே தலைகீழ்: மழை வந்ததும் இருபது பலகையும் சேர்ந்து 4 சென்டிமீட்டர் இடம் கேட்கும். இடம் இல்லையென்றால் ஒன்றையொன்று நெட்டித் தள்ளி, ஆணியைப் பிடுங்கிக்கொண்டு எழும்பும்.

ஆகவே, பலகைகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. எந்த மாதம் என்று கேட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும். காய்ந்த காலத்தில் 5 முதல் 6 மில்லிமீட்டர் விட வேண்டும், மழையில் பருத்தாலும் தண்ணீர் வடிய 3 மில்லிமீட்டராவது மிஞ்சும். ஈரக்காலத்தில் 3 மில்லிமீட்டர் போதும், கோடையில் அதுவே 5 ஆகிவிடும். கார்த்திகையில் கோடைக்கால இடைவெளி விட்டு அடித்த தளத்தில், சித்திரையில் நாற்காலிக் கால் மாட்டிக்கொள்ளும்.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் அடிக்கும், மரம் ஈரத்தை வாங்கும். அதே நாளில் மலையிடுக்கு வழியே வருகிற காற்று பணகுடியிலும் கயத்தாற்றிலும் வறட்டு வேகத்தில் வீசும், மரம் ஈரத்தை இழக்கும். எழுபது எண்பது கிலோமீட்டர் தூரத்துக்குள் இரண்டு பருவம். சாரல் காலத்தில் செங்கோட்டைப் பக்கம் அறுத்த மரத்தை லாரியில் ஏற்றி வள்ளியூரில் இறக்கி மறுநாளே அடித்தால், காற்று தன் வேலையைக் காட்டிவிடும். நுனியில் வெடிப்பு வந்த பிறகு மரக்கடையைத் திட்டிப் பயனில்லை. எந்த ஊரில் நிற்கப்போகிறதோ, அந்த ஊரில் நிழலில், பலகைக்குப் பலகை நடுவில் குச்சி வைத்து அடுக்கிப்போட வேண்டும். வெட்டுமுனை வழியாக ஈரம் பலமடங்கு வேகமாக வெளியேறும் என்பதால், முனைகளில் பழைய பெயிண்டைத் தடவிவிட்டால் வெடிப்பு குறையும். ஒரு பலகையைத் தனியாக வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை தராசில் வையுங்கள். எடை குறைவது நின்றால் அந்த ஊர்க் காற்றோடு ஒத்துப்போய்விட்டது என்று அர்த்தம். ஈரமானி வாங்கத் தேவையில்லை.

சுருங்குவதை விட்டுவிட்டு உளுத்துப்போவதைப் பார்ப்போம். மரத்தை உளுக்க வைப்பது பூஞ்சை. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதனால் வளர முடியாது. நன்றாக நனைந்து நன்றாகக் காய்கிற பலகை நீண்டகாலம் இருக்கும். நனைந்து காய வழியில்லாத இடம்தான் முதலில் போகும். மண்ணில் நட்ட மரக்காலைப் பிடுங்கிப் பார்த்தால், அடி ஓரளவு நன்றாகவே இருக்கும், மேலேயும் நன்றாக இருக்கும், மண்மட்டத்தில் மட்டும் விரலால் குத்தினால் உள்ளே போகும். ஆழத்தில் பூஞ்சைக்குக் காற்று போதாது, மேலே ஈரம் போதாது. மண்மட்டத்தில் இரண்டும் கிடைக்கிறது. இதற்காகத்தான் மரக்காலை மண்ணில் நடாமல், கான்கிரீட் பீடத்துக்கு மேல் இரும்புக் குதிரை (காலைத் தாங்கிப் பிடிக்கும் இரும்புத் தாங்கி) வைத்து, அதில் காலை நிறுத்தச் சொல்கிறார்கள். கரையானுக்கும் அது தடை.

மரத்தைப் பொறுத்தவரை இவ்வளவுதான்: ஈரக்காலத்தில் மரம் வாங்கலாம், அடுக்கலாம், சட்டம் அறுத்து வைக்கலாம். அடிப்பதையும் பூசுவதையும் தள்ளிப்போடுவது நல்லது. தள்ளிப்போட முடியாது என்றால் இடைவெளியைக் குறைத்து, ஆணிக்குப் பதில் திருகாணி போட வேண்டும். ஈர மரத்தில் அடித்த ஆணி, மரம் காய்ந்ததும் தளர்ந்துவிடும்.

## கான்கிரீட்: தண்ணீர் அதற்குச் சாப்பாடு

கான்கிரீட் வெயிலில் காய்ந்து கெட்டியாகிறது என்பது பரவலான நம்பிக்கை. மழையைக் கண்டு பயப்படுவதற்கு மூலகாரணமும் அதுதான். உண்மையில் சிமெண்ட் தண்ணீரோடு வேதிவினை புரிந்து புதுப் பொருளாக மாறுகிறது. ஊசிபோன்ற நுண்ணிய படிகங்களும் பசைபோன்ற பொருளும் உருவாகி, மணலையும் ஜல்லியையும் கட்டிப்போடுகின்றன. இதற்கு நீரேற்றம் என்று பெயர். நடக்கும்போது சூடும் வெளிவரும். ஆற்றுப்பாலங்களுக்குத் தண்ணீருக்கு அடியிலேயே கான்கிரீட் போடுகிறார்கள், அதுவும் இறுகத்தான் செய்கிறது. காய்வதற்கும் இறுகுவதற்கும் சம்பந்தமில்லை.

50 கிலோ மூட்டை சிமெண்ட் தன் வேதிவினைக்குக் கட்டிக்கொள்ளும் தண்ணீர் 11, 12 லிட்டர்தான். கலவை குழைந்து வர வேண்டும் என்பதற்காகக் கூடுதலாக ஊற்றுகிறோம். வேலிக்கால் குழிக்கு வழக்கமான 1:2:4 கலவைக்கு (சிமெண்ட் ஒரு பங்கு, மணல் இரண்டு, ஜல்லி நாலு) இந்தியத் தர விதி வைத்திருக்கும் உச்சவரம்பு மூட்டைக்கு 32 லிட்டர். அதற்கு மேல் ஊற்றும் ஒவ்வொரு லிட்டரும் பின்னால் ஓட்டையாக மிஞ்சும், பலம் குறையும்.

மழைக்காலத்தில் இந்தக் கணக்கு எங்கே கெடுகிறது என்றால், மணலில். ஒரு மூட்டைக்கு வேண்டிய மணல் கிட்டத்தட்ட 70 லிட்டர், எடை நூறு கிலோவுக்கு மேல். அதில் 5 சதவீதம் ஈரம் இருந்தாலே 5 லிட்டர் தண்ணீர் சொல்லாமல் கலவைக்குள் வந்துவிட்டது. சித்தாள் வழக்கம்போல வாளிக் கணக்கில் ஊற்றினால் கலவை கஞ்சியாகும்.

இன்னொரு விஷயம் பல கொத்தனார்களுக்கே வியப்பாக இருக்கும். லேசாக ஈரமான மணல் உப்பும். ஒவ்வொரு மணல்துகளையும் சுற்றி ஒரு மெல்லிய தண்ணீர்ப்படலம் உட்கார்ந்து, துகள்களை விலக்கி வைப்பதால் மணலின் கொள்ளளவு 20, 30 சதவீதம்கூடக் கூடும். பெட்டியால் அளந்து போட்டால் பெட்டி நிறைந்திருக்கும், மணல் குறைந்திருக்கும். வேடிக்கை என்னவென்றால், மணலை முழுக்கத் தண்ணீரில் மூழ்கடித்தால் உப்பல் போய்ப் பழைய அளவுக்கே இறங்கிவிடும். நேரான கண்ணாடி டம்ளரில் ஈர மணலைப் போட்டு உயரத்தைக் குறித்துக்கொண்டு, தண்ணீர் ஊற்றிக் கிளறிவிட்டுப் பாருங்கள். எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு கூடுதலாக மணல் அளக்க வேண்டும். எம் சாண்டிலும் இது நடக்கும்.

போட்ட பிறகு மழை வந்தால்? முதல் சில மணி நேரம்தான் ஆபத்து. கலவை இன்னும் இறுகாத நிலையில் கனமழை அடித்தால் மேலே உள்ள சிமெண்ட்பால் ஓடிவிடும், மணல் பல்லைக் காட்டும். தார்ப்பாய் போட்டு மூட வேண்டும், அது கலவையைத் தொடாமல் இருக்க நாலு பக்கமும் செங்கல் வைக்க வேண்டும். காலையில் போட்டு ராத்திரி மழை பெய்தால் சாபமில்லை, வரம். அதற்குப் பிறகு நீரேற்றம் தொடர ஈரம் வேண்டும். அந்த ஈரத்தைக் காத்து வைப்பதைத்தான் கியூரிங் என்கிறோம். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், இப்போது கடைகளில் பெரும்பாலும் கிடைக்கிற சாம்பல் கலந்த பிபிசி வகைக்கு 10 நாள், வறண்ட வெயில் காலத்தில் 14 நாள் என்பது விதி. சித்திரை வெயிலில் ஈரச்சாக்கு போர்த்தி, மறந்துபோய், சாக்கு அப்பளமாகக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கார்த்திகையில் வானமே நனைத்துவிடுகிறது.

குழியில் தண்ணீர் நிற்கும்போது என்ன செய்வது? "உலர்ந்த கலவையைக் கொட்டு, குழித்தண்ணியே போதும்" என்று ஒரு குறுக்குவழி சொல்வார்கள். சிமெண்ட் மிதந்து மேலே வரும், ஜல்லி அடியில் தங்கும், நடுவில் பிடிப்பே இருக்காது. தண்ணீரை இறைத்துவிட்டு, குழைத்த கலவையை ஊற்றுவதுதான் வழி. இறைக்க இறைக்க ஊறினால் அந்தக் குழியை விட்டுவிட்டு, தண்ணீர் இறங்கிய பிறகு வாருங்கள்.

ரெடிமேட் சிமெண்ட் கால் வாங்குகிறவர்கள் விலையைப் பேரம் பேசுவதோடு ஒரு கேள்வியும் கேட்க வேண்டும்: இது வார்த்து எத்தனை நாள் ஆச்சு? கான்கிரீட்டின் பலத்தை 28 நாளில்தான் அளக்கிறார்கள். 7 நாளில் அதில் மூன்றில் இரண்டு பங்குதான் வந்திருக்கும். கம்பியை இழுத்துக் கட்டும்போது ஓரக்கால் விரிசல் விட்டால் காரணம் பெரும்பாலும் கால் பிஞ்சாக இருந்ததுதான்.

சுருக்கமாக, கான்கிரீட்டுக்கு மழைக்காலம் கோடையைவிட நல்லது. முதல் அரைநாளைக் காப்பாற்றி, மணலின் ஈரத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் போதும்.

## மண்: ஊருக்கு ஊர் மாறும்

நெல்லைச் சீமையில் ஒரே விதமான மண் கிடையாது. மானூர், கங்கைகொண்டான், சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கம் கரிசல். ராதாபுரம், திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் தேரி எனும் செம்மணல். தாமிரபரணிக் கரையில் வண்டல்.

காணொளியில் உறைபனி செய்த வேலையை இங்கே செய்வது கரிசல். கரிசலில் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் நிறைய உண்டு. அதன் மெல்லிய அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் அடுக்குகள் விலகும், மண் பருக்கும். கோடையில் தண்ணீர் போனதும் கை நுழையும் அளவு வெடிக்கும். இந்த ஏற்ற இறக்கம் மூன்றரை மீட்டர் ஆழம் வரைகூடப் போகும் என்பதால், வேலிக்காலை அதற்குக் கீழே இறக்குவது நடக்காத காரியம். அசைவை ஏற்றுக்கொண்டு, கால் தூக்கப்படாமல் பார்த்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

அதற்குக் குழியின் வடிவம் முக்கியம். அவசரத்தில் தோண்டும் குழி மேலே அகலமாகவும் அடியில் குறுகலாகவும் இருக்கும். அதில் வார்த்த கான்கிரீட் காளான் குடைபோல நிற்கும், பருக்கும் மண் அந்தக் குடையின் அடியில் முட்டுக்கொடுத்துத் தூக்கிவிடும். அடி அகலமாகவும் மேலே குறுகலாகவும் தோண்டினால், மேல்மண்ணின் எடையே காலைப் பிடித்துக்கொள்ளும்.

கரிசலில் எப்போது தோண்டுவது? ஐப்பசி கனமழையில் முடியாது, மண் கடப்பாரையை விடாது, திரும்ப நிரப்பினால் சேற்றை இடித்து இறுக்க முடியாது. வைகாசியில் தோண்டினால் பாறை மாதிரி இருக்கும், வெடிப்புகளுக்கு நடுவே நட்ட காலை முதல் மழையே நகர்த்தும். நடுப்பட்ட நிலை வேண்டும். உழவுக்குப் பதம் பார்ப்பதுபோல ஒரு பிடி மண்ணைக் கையில் இறுக்கிப் பிடியுங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், கட்டைவிரலால் அழுத்தினால் உடைய வேண்டும். கையில் ஒட்டினால் இன்னும் பொறுக்க வேண்டும். பெரும்பாலும் தை கடைசியில் அந்தப் பதம் கிடைக்கும்.

தேரியில் கதை வேறு. மணல் பருக்காது, வெடிக்காது. ஆனால் கோடையில் குழி தோண்டத் தோண்டச் சரியும். மழைக்குப் பிறகு ஈரமணல் நிற்கும், குழி ஒழுங்காக வரும். அதனால் தேரிக்காரர்களுக்குக் கார்த்திகை, மார்கழிதான் வசதி. அவர்கள் கவலைப்பட வேண்டியது காற்றைப் பற்றி. கம்பிவலையில் காற்று ஊடுருவிப் போய்விடும். தகர வேலி என்றால் முழுக்கத் தாங்க வேண்டும். மணிக்கு 54 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 14 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். எட்டடிக்கு ஆறடித் தகரத்தில் அது அறுபது கிலோவைத் தாண்டும். மணலில் அந்தக் காலை நிறுத்த ஆழமும் வேண்டும், கான்கிரீட்டும் வேண்டும்.

ஆற்றோரத்து வண்டலில் தோண்டுவது எளிது. அங்கே மழைக்காலத்துக்குப் பயப்பட வேண்டிய காரணம் வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தாமிரபரணி கரைபுரண்டது. இடைவெளியே இல்லாத சுற்றுச்சுவர் ஒரு பக்கம் ஒரு மீட்டர் தண்ணீரைத் தாங்கி நின்றால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் அரை டன் எடை சுவரைத் தள்ளுகிறது. ஒன்பது அங்குலச் சுவர் அதற்காகக் கட்டப்பட்டதல்ல. தாழ்வான இடத்தில் சுவரைவிடக் கம்பிவேலி நல்லது. சுவர்தான் வேண்டும் என்றால் அடியில் தண்ணீர் போகத் துவாரம் விட வேண்டும்.

## மாதவாரியாகப் பார்த்தால்

மரத்தளம் வேண்டுமென்றால், மரத்தை ஆவணி, புரட்டாசியில் வாங்கி நிழலில் அடுக்கிவிடுங்கள். பீடங்களுக்கான கான்கிரீட்டைக் கரிசல் இல்லாத இடத்தில் மழை விடும் இடைவெளிகளில் ஊற்றலாம், மழை முடியும்போது அவை முழுப் பலத்தோடு நிற்கும். தை நடுவிலிருந்து மாசி வரை பலகை அடிக்கலாம். அப்போது மரம் ஆண்டின் நடுத்தர ஈரத்தில் இருக்கும், அதற்கு மேல் கொஞ்சம்தான் சுருங்கும், கொஞ்சம்தான் பருக்கும். அதிகாலைப் பனி விழும் நாட்களில் வெயில் ஏறிய பிறகு ஆரம்பிப்பது நல்லது.

கல்காலோ சிமெண்ட் காலோ போட்டுக் கம்பி இழுக்கிற வேலிக்கு மண் மட்டும்தான் தடை. ஏழடிக் காலில் இரண்டடி மண்ணுக்குள் போக வேண்டும், மூலைக்கால்களுக்கு முட்டுக்கால் வேண்டும், மண்ணை அரையடி அரையடியாக இட்டு இடிக்க வேண்டும், காலைச் சுற்றி மண்ணைக் குவித்துத் தண்ணீர் விலகி ஓட வைக்க வேண்டும். உவரி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களில் துத்தநாகப் பூச்சு கனமான கம்பியாகக் கேட்டு வாங்குங்கள். உப்புக்காற்றில் மெல்லிய பூச்சு சீக்கிரம் கரைந்துவிடும்.

கால், கம்பிக்குச் செலவு செய்ய மனமில்லாதவர்களுக்குக் கிளுவை இருக்கிறது. கிளுவை மரத்தின் போத்துகளை (வெட்டிய கிளைகளை) மழைக்கு முன்னால் நெருக்கமாக ஊன்றிவிட்டால் மழையே வேர் பிடிக்க வைக்கும். மழைக்காலத்தை முழு லாபமாக்கிக்கொள்கிற வேலி இது ஒன்றுதான். ஆடு கடிக்காமல் முதல் ஆண்டு உடைமுள் வெட்டிப் போட்டுக் காக்க வேண்டும்.

ஈரத்தரையில் மின்கருவி ஓட்டுவது பற்றி ஒரு எச்சரிக்கை. துளைப்பானும் அறுப்பானும் இணைக்கிற பலகையில், மின்கசிவு வந்தால் தானே அணைந்துகொள்ளும் பாதுகாப்புச் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்க்காமல் வேலை ஆரம்பிக்கக் கூடாது. இணைப்பு வயரில் ஒட்டு இருந்தால், அந்த ஒட்டு தரையில் கிடக்கக் கூடாது. மழைக்காலத்தில் உயிர் போகிற காரியம் கான்கிரீட்டில் இல்லை, இதில்தான்.

கடைசி வேலை பூச்சு. ஈர மரத்தின்மேல் பெயிண்ட் அடித்தால், வெயில் பட்டதும் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே வரப் பார்த்து, பெயிண்டைக் கொப்புளமாகத் தூக்கும். மாசி, பங்குனியில் நாலைந்து நாள் தொடர்ந்து வெயில் அடித்த பிறகு பலகையின்மேல் சில துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். துளி சீக்கிரம் உறிஞ்சப்பட்டால் எண்ணெயோ பெயிண்டோ பூசலாம். உருண்டு நின்றால் மரம் இன்னும் ஈரமாக இருக்கிறது, அல்லது பழைய பூச்சு இன்னும் வேலை செய்கிறது. இரண்டில் எதுவானாலும் டப்பாவைத் திறக்க வேண்டாம். பூசும்போது பலகையின் அடிப்பக்கத்தையும் வெட்டுமுனையையும் விட்டுவிடாதீர்கள். மேலே மட்டும் பூசினால் அடியில் ஈரம் வாங்கி, பலகை குழிந்துவிடும்.